கிராம் பிசகாத பொய்

அத்தியாயம் 4

“இதுக்குப் பேர் மெரூனா?”

மேடம் அந்தக் கண்ணாடிக் காகித உறையை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். உறைக்குள் ஒரு பெயின்ட் சில்லு. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்து போய் ஜன்னலோரம் நின்று பார்த்தால் பதவியில் ஒரு நட்சத்திரம் குறைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

“மாஸ்டர் சொல்லிட்டார் மேடம். கழுகுக்கண் மாஸ்டர். இந்த ஊர்ல கார் பெயின்ட்னா அவர்தான். கையில வாங்கினார், ஒரு பார்வை பாத்தார், ‘இது நான் கலந்த மெரூன், அந்த முதலாளி காருக்கு அடிச்சது’ன்னு சொல்லிட்டார். அதுக்கு மேல என்ன வேணும்?”

“நீங்க பாத்தீங்களா?”

“நான் என்ன பெயின்டரா?”

“பெயின்டரான்னு கேக்கலை. பாத்தீங்களான்னு கேட்டேன்.”

“ராத்திரி டியூப்லைட்ல பாத்தேன். கறுப்பா, சிவப்பா, ஏதோ இருந்துச்சு. வெயில்ல பிடிச்சா எந்தக் கலரும் கொஞ்சம் அப்படி இப்படித்தான் தெரியும்.”

“ஆமா சார்,” என்றான் ரேடியோ பின்னாலிருந்து. “வெயில் பெரிய புளுகன். டியூப்லைட்தான் சத்தியசந்தன்.”

ரேடியோ மேடத்தின் உதவியாளன். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அணைக்கவே முடியாத வாயைப் பார்த்து ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது. மேடம் முன்பு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய கார்களைப் பரிசோதித்தவர். தூணில் இடித்துவிட்டுத் தூண்தான் வந்து இடித்தது என்று சாதிக்கும் கார்க்காரர்களிடம் வருஷக்கணக்கில் பேசிப் பேசி, யாரைப் பார்த்தாலும் உதட்டோரம் ஓர் ஏளனம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. இப்போது தனியாகத் துப்பறிகிறார். ஏளனத்தை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டார்.

வழக்கு சிறியது. சாயங்காலம் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த தபால்காரரை ஒரு வண்டி பின்னாலிருந்து இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். சைக்கிளின் பின் மட்கார்டில் ஒட்டியிருந்தது இந்தச் சில்லு. அதே சமயத்தில் அதே தெருவில் ஒரு பணக்காரரின் மெரூன் கார் போனதைக் கடைக்காரர் ஒருவர் பார்த்திருந்தார். மாஸ்டரின் கண் அதை உறுதிப்படுத்த, காரை ஓட்டிய டிரைவர் உள்ளே போனான். முதலாளியோ, ‘அவன் எப்படி ஓட்டுவான்னு எனக்கென்ன தெரியும்’ என்று கை கழுவிவிட்டு, மறுநாளே புது டிரைவர் வைத்துக்கொண்டார்.

மேடம் உறையை மேஜைமேல் வைத்தார்.

“மத்தியானம் இதை எடுத்துக்கிட்டு மாஸ்டர் கடைக்கு வாங்க. சொன்னதை எழுத்துல வாங்கிடலாம்.”

“அதானே! இப்பத்தான் சரியாப் பேசறீங்க,” என்றார் இன்ஸ்பெக்டர், உள்குத்து புரியாமல்.

ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில், மேடத்திடம் உதவி கேட்டு வந்த டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுத் தூக்கு. யாரும் உள்ளே விடாததால் அது திறக்கப்படவே இல்லை.

“என்னம்மா சொல்றாங்க?”

“பெரிய மனுஷன் ஒருத்தர் பாத்துட்டாராம். அதனால வேற யாரும் கண்ணைத் திறக்க வேணாமாம்.”

“அவர் இடிக்கலைம்மா. ஒரு நாய்க்குட்டி குறுக்க வந்தாலே வண்டியை ஓரங்கட்டிட்டு, அது போன பிறகுதான் கிளம்புவார். முதலாளி அதுக்கே திட்டுவார்.” தூக்கை மடியில் நிமிர்த்தி வைத்தாள். “தபால்காரருக்கு ஏதாவது ஆயிட்டா, இவரு வெளியவே வர முடியாதாம்மா?”

“முதல்ல மாஸ்டருக்கு ஏதாவது ஆகட்டும்,” என்றார் மேடம். “தூக்கைப் பிரி. நீயாவது சாப்பிடு.”

*

கடையின் பெயர்ப்பலகையில் ஒரு கழுகு. அதன் கண் மட்டும் தட்டு அளவு. ‘கழுகுக்கண் கார் பெயின்டிங். பார்த்தாலே போதும், கலந்துவிடுவோம்!’

பக்கத்துச் சந்தில் கடையின் வேன் ஒன்று, சண்டை போட்டுக்கொண்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது போலச் சுவரை ஒட்டி நின்றது. குட்டையில் ஊறிய இலை மாதிரி ஒரு பச்சை.

“மேடம், இது கலரா வியாதியா?” என்றான் ரேடியோ.

மேடம் வேனை ஒரு முறை பார்த்தார். வெயிலையும் ஒரு முறை பார்த்தார். பிறகு தம் சிவப்புக் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மாஸ்டர் ஆறடி உயரம். பெயின்ட் கடைக்காரர் என்றாலும் சட்டை ஒரு சொட்டுக்கூடப் படாத வெள்ளை.

“என்கிட்டயும் அந்த முதலாளி வெச்சிருக்கற மாதிரி கார்தான்,” என்றார் மேடம், கதவைக் கீறிவிட்ட கார்க்காரியின் பாவனையில். “அதே கலர். நீங்க அவருக்கு அடிச்சீங்களாமே. கலந்து ஒரு அட்டையில அடிச்சுக் காட்டுங்க. பிடிச்சா காரைக் கொண்டுவரேன்.”

“பிடிச்சாவா?” மாஸ்டர் சிரித்தார். “அம்மா, நான் கலந்து பிடிக்காமப் போனவங்க இன்னும் பிறக்கலை. மத்தவன் எல்லாம் கம்ப்யூட்டரைப் பாப்பான், புஸ்தகத்தைப் பாப்பான். எனக்கு இது போதும்.” தம் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

“அப்போ அது எதுக்கு?” மேடம் குடை நுனியால் சுட்டினார்.

மேஜைமேல் மூன்று பக்கமும் கண்ணாடித் தடுப்பு வைத்த டிஜிட்டல் தராசு. கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டுவது.

“அதுவா? சும்மா. ஜனங்க நம்பணும்ல.”

சும்மா வைத்த தராசில் எண்ணைப் பூஜ்யமாக்கும் பொத்தானின் எழுத்து முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. மற்ற பொத்தான்களில் தூசி.

“அப்போ அதை மூடி வெச்சிட்டு வெறும் கண்ணாலயே கலந்து காட்டுங்களேன். ஊரெல்லாம் போய்ச் சொல்லுவேன்.”

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “பண்ணலாம்… ஆனா பெயின்ட் கம்பெனி ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கும்மா.”

“மேடம் குடை எப்படி மாஸ்டர்?” ரேடியோ இடையில் புகுந்தான். “இந்தக் கலர் எடுக்கலாம்னு நான்தான் சொன்னேன். கண்ணைக் குத்துதுன்னு திட்டறாங்க.”

மாஸ்டர் குடையைப் பார்த்தார். “ஒசத்தியான குடை,” என்றார்.

பிறகு மூலையிலிருந்த கம்ப்யூட்டரில் அந்த முதலாளி காரின் கலர் எண்ணை அடித்தார். ஃபார்முலா வந்தது. “அறுபத்தெட்டு நிறைய போகும். பன்னிரண்டு கொஞ்சம். நாப்பத்தொண்ணு ஒரு சொட்டு. அவ்வளவுதான் உங்க கலர்.”

வெளியே ஒரு வாடிக்கையாளர் ஹாரன் அடித்தார். மாஸ்டர் எழுந்து போனார்.

“ரேடியோ, வந்ததுலேர்ந்து இந்த ஆள் வாயில ஒரு கலர் பேராவது வந்துச்சா?”

ரேடியோ யோசித்தான். “அறுபத்தெட்டு, பன்னிரண்டு, உங்க கலர், ஒசத்தியான குடை… அட, வரலை மேடம்! துணிக்கடைக்காரர் துணிங்கற வார்த்தையே சொல்லாம வியாபாரம் பண்ற மாதிரி இருக்கு!”

“அந்த அலமாரியைப் பார்.”

அலமாரியில் வண்ண டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வட்ட மூடியிலும் கையால் எழுதிய ஓர் எண். இரண்டே இரண்டு மூடிகளில் மட்டும் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு. பெயின்ட்டால் போட்டதல்ல. நகப்பூச்சு.

“அறுபத்தெட்டு, எண்பத்தொன்பது. மத்த எதுக்கும் கோடு இல்லை. இந்த ரெண்டுக்கு மட்டும் ஏன்?”

ரேடியோ ஒரு மூடியைக் கழற்றித் திருப்பினான். அறுபத்தெட்டு தலைகீழாக நின்று எண்பத்தொன்பது ஆகியது.

“அடடே!”

“தலைவலி வராம யாரும் மாத்திரை வாங்கறதில்லை. இந்த ரெண்டு மூடியும் ஒரு தடவை இடம் மாறியிருக்கு. மாறிப் போய் எதையோ கெடுத்திருக்கு. அதுக்கு அப்புறம்தான் யாரோ கோடு போட்டிருக்காங்க. மாத்து.”

“எதை?”

“மூடியை. அதை இதுலயும் இதை அதுலயும் போடு.”

ரேடியோ தயங்கினான். ஒரு டப்பாவின் வெளிப்பக்கம் முழுக்கச் சிவப்பு வழிந்து காய்ந்திருந்தது. இன்னொன்றில் பச்சை.

“மேடம், டப்பாவைப் பாத்தாலே தெரிஞ்சிடுமே!”

“பாக்கறவனுக்குத் தெரியும்.”

மாஸ்டர் திரும்பி வந்தபோது ரேடியோ கூரையில் பல்லி தேடிக்கொண்டிருந்தான்.

“ஃபேனை நிறுத்துங்க. யாரும் மேஜைகிட்ட மூச்சு விடாதீங்க. காத்து பட்டா எண்ணு ஆடும்.” ‘சும்மா’ வைத்த தராசின் முன் மாஸ்டர் பக்தனைப் போலக் குனிந்தார். காலிக் குவளையை வைத்தார். பொத்தானை அழுத்தினார். பூஜ்யம். கோடு போட்ட அறுபத்தெட்டாம் மூடியைத் திறந்து ஊற்றினார். முதலில் கயிறாக, பிறகு நூலாக, கடைசியில் குச்சி நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக. தராசின் திரையில் இருநூற்றுப் பத்து. புள்ளிக்குப் பின் பூஜ்யம்.

குவளைக்குள் கரும்பச்சை தளும்பியது.

மாஸ்டர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அடுத்த டப்பாவை எடுத்தார்.

அப்போது மாஸ்டரின் மனைவி தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். தட்டைப் பிடித்த விரல்களில் மூடியில் இருந்த அதே நகப்பூச்சு. குவளையைப் பார்த்தாள். பலமாக இருமினாள்.

மாஸ்டர் கை நின்றது. தராசைப் பார்த்தார். எண் சரியாக இருந்தது. “தண்ணி குடி,” என்றார் எரிச்சலோடு. “சளின்னா டாக்டரைப் பாரு. வேலை நேரத்துல வந்து இருமாதே. உனக்கு என்ன தெரியும் இதுல?”

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் அவள் நகத்தைப் பார்த்தார். இருமல் நின்றது. அவள் தட்டை வைத்துவிட்டு, போகாமல், கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். ஏதோ வேடிக்கை ஆரம்பிக்கப் போகிறது என்று தெரிந்தவள் மாதிரி.

மாஸ்டர் கலக்கினார். அட்டையில் அடித்தார். விளக்குச் சூட்டில் காய வைத்தார். பிறகு, பிறந்த குழந்தையைத் தகப்பன் கையில் கொடுக்கும் நர்ஸ் போல, அட்டையை மேடத்திடம் நீட்டினார்.

“பாருங்க. உங்க கதவுல அடிச்சா ஒட்டு எதுன்னு உங்களாலயே கண்டுபிடிக்க முடியாது.”

அட்டை முழுக்கக் குட்டையில் ஊறிய இலை.

ரேடியோவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

*

இன்ஸ்பெக்டர் உறையோடு உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான். அட்டையைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்ன மாஸ்டர், பாசி பிடிச்ச கலர்லயெல்லாம் இப்போ கார் ஓட்டறாங்களா?”

“சாருக்கு எப்பவும் கிண்டல்,” என்று மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். “அந்த முதலாளி காரோட மெரூன்தான் சார் இது. நீங்க அன்னிக்குக் கொண்டாந்து காட்டினீங்களே, அதே.”

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு பாதியில் நின்று, எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே தங்கிவிட்டது.

மேடம் குடையை விரித்தார். கடைக்குள்ளே, எல்லாருக்கும் நடுவே.

“இது என்ன கலர் மாஸ்டர்?”

“…குடை கலர்.”

“அதான் என்ன?”

மாஸ்டரின் பார்வை மனைவியிடம் ஓடியது. இத்தனை வருஷமும் இருமி இருமி அவரைக் காப்பாற்றிய அந்தத் தொண்டை இன்று தெளிவாகப் பேசியது.

“சொல்லுங்களேன். எனக்குத்தான் எதுவும் தெரியாதே.”

“பச்…” என்று ஆரம்பித்தார் மாஸ்டர். இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்து விழுங்கினார். “…சிவப்பு.”

“ரெண்டுல ஒண்ணு நிச்சயம் சரி,” என்றான் ரேடியோ. குரல் திரும்பிவிட்டது.

“இவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான் இன்ஸ்பெக்டர்,” என்றார் மேடம். “எண்ணைப் பாப்பார், எடையைப் பாப்பார். மிச்சத்துக்கு அவங்க இருமல். அந்த எண்ணை நாங்க மாத்தி வெச்சோம். இந்தக் கழுகுதான் உங்க சாட்சி. சில்லை எடுங்க.”

இன்ஸ்பெக்டர் உறையைக் கிழித்தார். மேடம் சில்லை இடுக்கியால் எடுத்து, காய்ந்த அட்டையின் மேல் வைத்தார்.

சில்லைக் காணவில்லை. அங்கேதான் இருந்தது. அட்டையோடு அப்படிக் கலந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார்.

“அப்போ டிரைவர் கார் இல்லை… சரி,” என்றார் மெல்ல. “ஆனா இது எப்படி? இப்போ தப்பா கலந்த பெயின்ட்டு, அன்னிக்கே உடைஞ்ச சில்லோட எப்படிப் பொருந்தும்?”

“கண்ணால கலக்கறவன் தப்புப் பண்ணா, ஒவ்வொரு தடவையும் ஒரு புதுத் தப்பு வரும். தராசை வெச்சுத் தப்புப் பண்ணா எப்பவும் ஒரே தப்புதான் வரும். ஒரு கிராம்கூடக் கூடாது, குறையாது. இதே ரெண்டு மூடி முன்னாடி ஒரு தடவை மாறியிருக்கு. மெரூன்னு நினைச்சு இவர் இந்தக் கண்றாவியை ஏதோ ஒரு வண்டிக்கு அடிச்சிருக்கார். உலகத்துலயே இந்தக் கலர்ல ஒரே ஒரு வண்டிதான் இருக்க முடியும்.”

“சந்துல நிக்குது!” ரேடியோ கத்தினான். “மேடம், அந்த வியாதி!”

அடுத்த நிமிடம் எல்லாரும் சந்தில் இருந்தார்கள். சுவருக்கும் வேனுக்கும் நடுவே ரேடியோ பக்கவாட்டில் நுழைந்து போனான். உள்ளிருந்து அவன் குரல் மட்டும் வந்தது.

“இடது விளக்கு காலி. மூலை நசுங்கியிருக்கு. பெயின்ட் பேந்திருக்கு.”

“அது… சுவத்துல இடிச்சது!” என்றார் மாஸ்டர்.

“இருக்கலாம்,” என்றார் இன்ஸ்பெக்டர், இன்னும் பாதி மரியாதையோடு. “ஆனா சில்லு இந்தப் பச்சை வேன்லேர்ந்து…”

“பச்சை வேனா?” மாஸ்டர் திடுக்கிட்டு வண்டியைப் பார்த்தார். பிறகு எல்லார் முகத்தையும். “என்ன சார் உளறறீங்க? இது மெரூன்! அந்தக் காரும் இதுவும் ஒரே ஃபார்முலா, ஒரே எடை! அந்தச் சில்லு ரெண்டுல எதுலேர்ந்து விழுந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாதே! அதனாலதானே நான்…”

நிறுத்திக்கொண்டார். தாமதமாக.

வேனுக்குப் பின்னாலிருந்து ரேடியோ தலையை நீட்டினான்.

“அதனாலதானே நீங்க அந்தக் காரைக் கைகாட்டினீங்க,” என்று மேடம் முடித்து வைத்தார். “தபால்காரரை இடிச்சுப் போட்டுட்டு வந்தீங்க. என்ன பண்றதுன்னு உட்கார்ந்திருந்தப்போ, போலீஸே சில்லைப் பொட்டலம் கட்டி உங்க கையில கொண்டாந்து கொடுத்து, யாரைப் பிடிக்கணும்னு கேட்டுச்சு.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வியர்க்கவே இல்லை.

மாஸ்டர் மனைவியிடம் திரும்பினார். “இது… பச்சையா?”

“நீங்க இதை அடிச்சப்போ நான் அக்கா வீட்ல இருந்தேன். மூடியைக் கழுவி மாத்திப் போட்டது நீங்க. வந்து பாத்துட்டு வயிறு வலிக்கச் சிரிச்சேன். மூடியைச் சரிபண்ணிக் கோடு போட்டேன். உங்ககிட்ட மட்டும் சொல்லலை.” அவள் குரல் உயரவே இல்லை. “ஊர்ல ஒருத்தராவது சொல்லட்டும்னு விட்டேன். யாரும் சொல்லலை. கழுகுக்கண் மாஸ்டர் அடிச்ச கலராச்சே, புது ஃபேஷன்னு நினைச்சாங்க. ரெண்டு பேர் தங்களுக்கும் அதே வேணும்னு கேட்டு வந்தாங்க, நான்தான் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினேன்.” ஒரு கணம் நின்றாள். “சுவத்துல இடிச்சேன்னு சொன்னீங்க. நம்பினேன். ஒரு மனுஷனை ரோட்டுல போட்டுட்டு வந்து, என் கையால சோறு வாங்கித் தின்னீங்களே.”

“என் கண்ணுல குறைன்னு தெரிஞ்சா தொழில் போயிடும்னு…” மாஸ்டர் முனகினார்.

“கண்ணுல குறை இருந்தா தப்பே இல்லை,” என்றார் மேடம். “எடை பாத்துக் கலக்கறது நல்ல தொழில். ‘எனக்குக் கலர் தெரியாது, தராசு தெரியும்’னு பலகையில எழுதியிருந்தா நானே என் காரை உங்ககிட்டதான் விட்டிருப்பேன். அடிபட்டுக் கிடந்தவரைத் திரும்பிக்கூடப் பாக்காம வந்தீங்களே, அதுக்கு எந்த ஃபார்முலாவும் கிடையாது. கூட்டிட்டுப் போங்க இன்ஸ்பெக்டர். இவரையாவது வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க.”

*

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. தபால்காரர் கண் விழித்துவிட்டார்.

மேடமும் ரேடியோவும் போனபோது டிரைவரும் அவன் மனைவியும் கட்டிலோரம் நின்றிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலமே அவனை விட்டுவிட்டார்கள். முதலாளி ஆள் அனுப்பி, மறுபடி வேலைக்கு வரலாம் என்று சொல்லியிருந்தார். கார் ஓட்டத் தெரிந்தவர் அவர் வீட்டிலேயே யாராவது இருந்தால் ஓட்டிக்கொள்ளட்டும் என்று டிரைவர் பதில் சொல்லி அனுப்பிவிட்டான். அவன் மனைவி ஒரு டம்ளரில் கஞ்சி ஊற்றி, யாரென்றே தெரியாத தபால்காரருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் வாங்க வந்தார். நேற்றை விட இரண்டு மடங்கு மிடுக்கு.

“பெரிய கண்டுபிடிப்பு பண்ணி ஆளைப் பிடிச்சிட்டோம்யா,” என்றார் தபால்காரரிடம். “இடிச்ச வண்டி எதுன்னு தெரியுமா? ஒரு பச்சை வேன்!”

தபால்காரர் கஞ்சியை விழுங்கினார். கட்டுப் போட்ட தலையை மெல்லத் திருப்பினார்.

“அதான் சார், பச்சை வேன். என்னை ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போதே உங்க போலீஸ்காரர்கிட்ட சொன்னேனே. ரெண்டு தடவை சொன்னேன்.”

மேடம் சொல்ல வேண்டியதை எல்லாம் உதட்டோரம் சொல்லியது.

“சொன்னாராம்…” இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியது. “அடிபட்ட மயக்கத்துல உளறறார்னு விட்டுட்டோம். மாஸ்டர் மெரூன்னு சொன்னப்புறம்…”

டிரைவரின் மனைவி டம்ளரைக் கட்டில்மேல் வைத்தாள். எழுந்து நின்றாள்.

“அப்போ என் வீட்டுக்காரரை எதுக்கு சார் உள்ளே வெச்சிருந்தீங்க?”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவள் விடவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.